செத்த சத்தம்

வெள்ளிக்காசு எது, செம்புக்காசு எது என்று என் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இது பேச்சுக்குச் சொல்வது இல்லை. உண்மையிலேயே கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தியானம் செய்கிறார் என்று தோன்றும்.

ஒரு காலத்தில் அரசாங்கம் காசுகளை வெள்ளியில் அடித்தது. வெள்ளி விலை ஏறியதும் உள்ளே செம்பு வைத்து, இரண்டு பக்கமும் வெள்ளையான வேறு உலோகத்தை ஒட்டி, அதே தலை, அதே எண், அதே அளவில் அடித்துவிட்டது. மாறிய சில வருடங்களில் இரண்டும் கலந்தே வந்ததால் வருடத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அசலைப் போலவே இன்னொன்றைச் செய்து புழக்கத்தில் விட்டால் நம்மை உள்ளே தள்ளுவார்கள். அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் சீர்திருத்தம்.

கண்டுபிடிக்க எளிய வழி, காசை நிறுத்திப் பிடித்து ஓரத்தைப் பார்ப்பது. செம்புக்காசு என்றால் ஓரத்தில் மங்கலான சிவப்பாய் ஒரு கோடு ஓடும். வெள்ளிக்காசுக்கு ஓரமும் வெள்ளைதான். அப்பாவுக்கு இந்த வழி பிடிக்காது. ஓரம் பார்ப்பது கண்ணுள்ள எவனும் செய்கிற வேலை என்பார். அவர் வழி சத்தம். கல்லின் மேல் காசைப் போட்டால் வெள்ளி நீளமாகப் பாடும். செம்பு டக்கென்று நின்றுவிடும்.

இதை அவர் கற்றுக்கொண்டது பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்டரில். ஜன்னலுக்கு அடியில் ஒரு கல் பலகை. வரிசையில் நிற்கிறவன் காசை அதன் மேல் எறிவான். எடுத்து ஓரம் பார்க்க நேரமிருக்காது, பின்னால் நிற்கிறவன் கத்துவான். அதனால் காதை வைத்தே பிடிப்பார். வெள்ளி விழுந்தால் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு செம்புக்காசை எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு வெள்ளியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கல்லாவில் கணக்கு சரியாக இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. வெள்ளியை எடுத்துக்கொண்டு செம்பை வைப்பதற்கு எங்கள் வீட்டில் அப்போது கெட்ட பெயர் எதுவும் இருக்கவில்லை.

அப்படிச் சேர்ந்த காசுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. யாராவது விருந்துக்கு வந்தால் டப்பா வெளியே வரும். அவற்றோடு சில செம்புக்காசுகளைக் கலந்து யாராவது ஒவ்வொன்றாகப் போட, அப்பா கண்ணை மூடியபடி வெள்ளி, செம்பு, வெள்ளி என்று சொல்வார். மற்ற வீடுகளில் குழந்தையைப் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்பா.

அவர் ஓய்வு பெற்றபின் டப்பா அலமாரியிலேயே ரொம்ப நாள் கிடந்தது. அந்த அலமாரி இருந்த அறையில்தான் அக்காவும் அத்தானும் வந்து தங்கினார்கள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்ப்பவர், குரலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் போல மெல்லப் பேசுவார். அப்பாவுக்கு அது பிடிக்காது. வாய்க்குள்ளேயே பேசுகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். அந்த மெல்லிய பேச்சு அப்பாவைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் சாப்பிட வந்தார்கள். பெரியப்பா வங்கியில் மேலாளராக இருந்தவர். கொடுத்த கடன்களைவிடக் கொடுக்காத கடன்களைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார். சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா டப்பாவை நினைவுபடுத்தினாள். அப்பா உற்சாகமாக எழுந்துபோய் எடுத்துவந்து, சமையல் மேடையின் கல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பெரியம்மா ஒரு காசைப் போட்டாள்.

அப்பா இன்னொன்று போடச் சொன்னார். அப்புறம் இன்னொன்று. பிறகு கண்ணைத் திறந்து டப்பாவை இழுத்துத் தானே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா அடுப்பை அணைத்தாள்.

“எல்லாம் செம்பு. யாரோ மாத்திட்டாங்க,” என்றார்.

பெரியப்பா சரியாகப் பார்க்கச் சொன்னார். அப்பா ஒரு காசை உயரத்திலிருந்து போட்டார். “கேளுங்க. செத்த சத்தம்.”

கேட்டோம். எனக்குத் தெரிந்து ஒரு காசு விழுந்தால் என்ன சத்தம் வருமோ அதுதான் வந்தது. ஆனால் அப்பா முகத்தைப் பார்த்ததும் அந்தச் சத்தம் என் காதிலேயே செத்துப்போனது. பெரியம்மா, “ஆமா, உயிரே இல்ல,” என்றாள். பெரியப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடன் மனுவைப் படிக்கிற மாதிரி கேட்டுவிட்டு, ஆமாம் என்றார். அம்மா சும்மா இருந்தாள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டிலேயே சின்னக் காது என்னுடையது.

“ஆமாப்பா. டொக்குன்னு கேக்குது,” என்றேன்.

டொக் என்பதை நானே சேர்த்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு அறையிலிருந்து அக்காவும் அத்தானும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அத்தான் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் நிறுத்திப் பிடித்து, ஓரம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றார். அப்பா அம்மாவைப் பார்த்து, “என்ன சொல்றாரு?” என்றார். அம்மா திருப்பிச் சொன்னாள். ஓரத்தில் பூச்சு பூசியிருக்கலாம் என்றார் அப்பா.

பெரியப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “ஓரத்தப் பாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?”

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார் அத்தான். வேண்டுமானால் எடை போட்டுப் பார்க்கலாம், வெள்ளிக்காசு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நகைக்கடையில் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

“எல்லா வழியும் தெரிஞ்சு வெச்சிருக்காரு,” என்றார் பெரியப்பா.

அதோடு தீர்ந்தது. வெள்ளியை அடையாளம் காணத் தெரிந்தவன்தான் வெள்ளியை எடுத்திருப்பான். தெரியாதவனுக்கு அது எதற்கு? அத்தான் ஒவ்வொரு வழியாகச் சொல்லச் சொல்ல அவர் மேல் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. அவர் வாயை மூடிக்கொண்டு, வெள்ளி என்றால் பாத்திரம் செய்வதுதானே என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பார். நகைக்கடை யோசனையை, குடும்ப மானத்தைக் கடைத்தெருவில் எடை போட வேண்டுமா என்று அப்பாவே தள்ளிவிட்டார்.

பிறகு பெரியப்பா, மாப்பிள்ளையின் பையை ஒரு தடவை பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும், அது அவருக்கும் நல்லதுதானே என்றார். அக்கா, “அப்பா,” என்று மட்டும் சொன்னாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் தானே போய்ப் பையைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். வயதானவர்களுக்குக் குனிய முடியாது என்பதால் திறக்கிற வேலை என்னிடம் வந்தது.

ஸ்பேனர்கள், டெஸ்டர், இன்சுலேஷன் டேப், கிரீஸ் துணி. அடியில் மடித்து வைத்த இரண்டு பனியன்கள். ஒன்றில் அக்குள் பக்கம் வேறு நிற நூலால் தைத்திருந்தது. அதற்கும் கீழே, துணியில் சுற்றி, முடி வளர்வதற்கான எண்ணெய்ப் புட்டி ஒன்று.

கல்லூரியில் நான் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறேன். ஆசிரியர்களைக் கிண்டல் செய்வது அதன் கொள்கை. அந்தப் பழக்கத்தில் புட்டியைத் தூக்கிக் காட்டி, “வெள்ளி கிடைக்கல, ஆனா வழுக்கைக்கு ஜாமீன் கிடைச்சிருக்கு,” என்றேன். பெரியம்மா சிரித்தாள். பெரியப்பாவும் சிரித்தார். சூழ்நிலை கொஞ்சம் லேசானது என்றுகூட நினைத்தேன். அத்தான் என் கையிலிருந்து புட்டியை வாங்கி, மறுபடி துணியில் சுற்றி, பனியன்களுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

பையில் எதுவும் இல்லை என்றால் வெளியில் எங்கோ விற்றாயிற்று என்று அர்த்தம். அன்று பொழுது சாய்வதற்குள் இருவரும் தண்ணீர் வராத அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

அப்பா திருட்டு என்ற சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. மாற்றிவிட்டார் என்றுதான் சொன்னார். அந்த வாரத்திலேயே ஒரு நாள் டப்பாவை என்னிடம் கொடுத்து, தன் கண்ணில் படாமல் செலவு செய்துவிடச் சொன்னார். வெறும் செம்பு, சில்லறைதானே. எனக்கு அவமானத்திலும் ஒரு லாபம் வந்தது. கல்லூரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பிடி காசு கொடுத்து பத்திரிகையின் புதிய இதழைப் பிரதி எடுத்தேன். கடைக்காரர் சில்லறை கிடைத்த சந்தோஷத்தில் ஓரம் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். மொழி வரலாற்றிலேயே அவ்வளவு மட்டமான நகைச்சுவை அவ்வளவு உயர்ந்த உலோகத்தில் அச்சானது அதுவாகத்தான் இருக்கும்.

அது உயர்ந்த உலோகம் என்று தெரிந்தது கேன்டீனில். அங்கே காசு போட்டால் டீ கொடுக்கிற மிஷின் ஒன்று உண்டு. டப்பாக் காசு ஒன்றைப் போட்டேன், கீழே துப்பியது. இன்னொன்று போட்டேன், அதையும் துப்பியது. பின்னால் நின்ற நண்பன் கள்ளக்காசா என்று கேட்டுவிட்டுத் தன் காசைக் கொடுத்தான். அதை விழுங்கிக்கொண்டு மிஷின் டீ கொடுத்தது. செம்பைச் சரியாக எதிர்பார்க்கிற மிஷினுக்கு வேறு எதைக் கொடுத்தாலும் ஒவ்வாது.

நான் நண்பனிடம் இன்னொரு காசு வாங்கி, டப்பாக் காசோடு சேர்த்து நிறுத்திப் பிடித்தேன். நண்பனின் காசில் சிவப்புக் கோடு. அப்பாவின் காசில் கோடு இல்லை. டீயை ஓரமாக வைத்துவிட்டு இரண்டையும் கல் மேஜை மேல் போட்டேன். ஒன்று டக் என்றது. மற்றது, இரைச்சல் நிறைந்த அந்த கேன்டீனில், மேஜையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்து அடங்குகிற அளவுக்குப் பாடியது. டப்பாவில் மிச்சமிருந்ததில் கைக்கு வந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பாடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையல் மேடையில் பாடியதும் இதே பாட்டுதான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வேறு விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. அழைப்பு மணியில் சத்தமே வரவில்லை என்று அப்பா மூன்றாவது மணியும் வாங்கி மாட்டியிருந்தார். எலெக்ட்ரீஷியன் மணி நன்றாகத்தான் அடிக்கிறது என்று வாதாடியபோது, இந்தக் காலத்துப் பொருளில் தரமில்லை என்று அவரைத் துரத்தினார். நான் அதையே ஒரு துணுக்காகப் பத்திரிகையில் போட்டிருந்தேன்.

அம்மாவிடம் முதலில் சொன்னேன். அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள், “அவருகிட்ட சொல்லாதடா,” என்றாள். அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு ஏன் சும்மா இருந்தாய் என்றும் கேட்க வேண்டிவரும்.

சொல்லவில்லை. அப்பா சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது கல்லின் மேல் ஒரு வெள்ளிக்காசைப் போட்டு, என்ன என்று கேட்டேன். செம்பு என்றார். செம்புக்காசு ஒன்றைப் போட்டேன். செம்பு என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் காசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணு இல்லையா?”

“இல்லப்பா.”

அவர் இரண்டையும் எடுத்து மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு குனிந்து, காதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டார். அம்மா புடவைத் தலைப்பால் ஒரு சுத்தமான தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு காசின் ஓரத்தைப் பார்த்தார்.

“பெரியப்பாகிட்ட சொல்லிடாத,” என்றார்.

அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். அவர் டப்பாவைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடச் சொன்னார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்டேன். அன்பளிப்பு என்று சொல்லு என்றார்.

அக்கா வீட்டில் குழாய் இன்னும் சரியாகவில்லை. படிக்கட்டில் வாளிகள் வரிசையாக இருந்தன. நான் டப்பாவை மேஜை மேல் வைத்து, மிஷின் துப்பியதில் தொடங்கி அப்பா ஓரம் பார்த்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் டப்பாவைத் தொடவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“அப்பாவுக்குக் காது கேக்கல. சரி. உனக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வரும் என்று கல்லூரியில் பெயர்.

அத்தான்தான் பேசினார். கோபத்திலும் அவர் குரல் உயரவில்லை. “எல்லார் முன்னாடியும் சொன்னாரு. எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லட்டும். காசு வேண்டாம்.”

டப்பாவோடு திரும்பி வந்தேன். இதை அப்பாவிடம் சொல்ல நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, இரண்டு தடவை. அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னார்.

பெரியப்பா வந்ததும் சமாதானம்தானே என்று கேட்டுவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தானும் அக்காவும் உட்காரவில்லை. அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். காலையிலேயே ஜன்னலோரம் நின்று ஓரம் பார்த்து ஒரு வெள்ளிக்காசைத் தேர்ந்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். காது கேட்கவில்லை என்று சொல்லாமலே மாப்பிள்ளையை விடுவிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“அன்னைக்கு டப்பாவுல ஈரம் இருந்திருக்கு. அதான் சத்தம் அடைச்சுப் போச்சு. இப்ப கேளுங்க,” என்றார்.

பையிலிருந்து காசை எடுத்துக் கல்லின் மேல் போட்டார். பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையும் இருந்தது.

டக்.

“வெள்ளி,” என்றார் அப்பா.

“மணி மாதிரி இருக்கு,” என்றாள் பெரியம்மா. பெரியப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அத்தான் முன்னால் வந்து அந்தக் காசை எடுத்தார். நிறுத்திப் பிடித்து, ஓரம் அப்பாவுக்குத் தெரியும்படி நீட்டினார். அப்பா சட்டைப்பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தபின்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு ஏதாவது தெரியாதா என்பது போல.

“எனக்குக் காது கேக்கல,” என்றார். பெரியப்பா என்ன என்று கேட்க வாயெடுத்தார். அப்பா அதையும் கவனிக்கவில்லை. “ரொம்ப நாளாவே சரியாக் கேக்கறதில்ல. காசு அத்தனையும் வெள்ளிதான். மாப்பிள்ளை எதையும் எடுக்கல. எடுத்தாருன்னு சொன்னது நான்.”

செம்பை மணி என்றவர்களும், வெள்ளியை டொக் என்றவனும் அங்கேதான் நின்றோம். எங்கள் காதில் எந்தக் குறையும் கிடையாது. பெரியம்மாதான் முதலில் சமாளித்துக்கொண்டு, தனக்கு அன்றைக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது என்றாள்.

அத்தான் காசை மேடையில் வைத்தார். அப்பா முகத்தைப் பார்த்து, வழக்கமான குரலில், மரியாதை குறையாமல் சொன்னார். “சொன்னதுக்கு நன்றி மாமா. ஆனா இனிமே இந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன்.”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அப்பா அவர் உதடுகள் அசைந்ததைப் பார்த்திருந்தார். ஆவலோடு என் பக்கம் குனிந்தார்.

“என்ன சொன்னாரு?”

எல்லோருக்கும் கேட்டிருந்தது. கதவருகே போய்விட்ட அக்கா திரும்பி நின்று என்னைப் பார்த்தாள்.

நான் அப்பாவின் காதருகே போய், சத்தமாக, “பரவாயில்லைன்னு சொல்றாருப்பா,” என்றேன்.

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கமான மனுஷன் என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்குக் காபி போடச் சொன்னார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். வாசலில் அத்தான் குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஏற்கனவே படியிறங்கியிருந்தாள்.